அவித்த சக்கரவள்ளிக் கிழங்கில் ஸ்மூத்தி: இனிப்பு நீர் உள்ளவர்கள் குடிக்கலாமா?

"ரெண்டு சக்கரவள்ளிக் கிழங்கை அவிச்சு எடுத்துக்குங்க. ஒரு வாழைப்பழம், ஒரு கப் பால், ஒரு கரண்டி தேன் சேர்த்து பிளெண்டர்ல அடிங்க. சீனியே வேணாம். இனிப்பு நீர் உள்ளவங்களும் தினம் குடிக்கலாம்." இந்த மாதிரி ஒரு செய்தி உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும். ஈப்போவில் அக்கா அனுப்பியது சுங்கை சிப்புட் சித்தி வரைக்கும் போய், அங்கிருந்து உங்களுக்கே திரும்பி வந்திருக்கும்.

செய்தியில் பாதி சரி. சக்கரவள்ளி நல்ல கிழங்குதான். அதை அவித்துச் சேர்ப்பதும் சரியான முறைதான். ஆனால் "சீனியே வேணாம்" என்ற வரியில்தான் சிக்கல்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தர அளவில் ரெண்டு கிழங்கு என்றால், தோல் நீக்கி சுமார் 300 கிராம் தேறும். தோல் நீக்கி அவித்த கிழங்கில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 18 கிராம் மாவுச்சத்து. ஆக, கிழங்கில் மட்டும் 53, 54 கிராம். வாழைப்பழத்தில் இன்னொரு 27. பாலில் 10. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 17. மொத்தம் 107 கிராம் பக்கம் வருகிறது. ஒரு கப் வெந்த சோற்றில் இருப்பது சுமார் 45 கிராம்தான். அப்படியென்றால், அந்த ஒரே டம்ளரில் ரெண்டு கப் சோற்றுக்கும் மேலே இருக்கிறது. அதையும் காலையில் வெறும் வயிற்றில், 3 நிமிடத்தில் குடித்து முடித்துவிடுகிறோம். பிறகு "பசியாறவே இல்லையே" என்று ரெண்டு தோசையும் சாப்பிடுகிறோம்.

யாருக்கு இது முக்கியம்?

எல்லாருக்கும் முக்கியம். நம்மவர்களுக்குக் கூடுதலாக முக்கியம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. அதாவது பத்துப் பேரில் மூன்று பேர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. அப்போதும் இன வாரியாகப் பார்த்தால் முன்னால் நின்றது இந்தியர்கள்தான்.

பேராக்கில் இதற்குத் தோட்டத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, வாளி வாளியாகத் தூக்கிய உடம்புக்கு ஒரு தட்டுச் சோறு போதாது. ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது (அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்), பிறகு மீதமும் செம்பனையாகவும் தாமானாகவும் மாறியபோது, மக்கள் புந்தோங்குக்கும் மெங்லெம்புவுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். வேலை மாறியது. நடை குறைந்தது. சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருந்துவிட்டது. அந்தச் சோற்றைக் குறைக்கத்தான் இப்போது ஸ்மூத்தி, ஓட்ஸ், சியா விதை என்று தேடுகிறோம். தேடுவது தப்பில்லை. ஆனால் சோற்றை எடுத்துவிட்டு அதே மாவுச்சத்தைப் பானமாக்கிக் குடித்தால் பலன் இல்லை.

தோட்டத்தில் இந்தக் கிழங்கு யார் சாப்பிட்டார்கள்?

வீட்டில் 80, 90 வயதுப் பெரியவர் இருந்தால், கிழங்கு என்றதும் அவர் முகம் ஏன் மாறுகிறது என்று கவனித்திருப்பீர்கள். ஜப்பான்காரன் காலம்.

போருக்கு முன் மலாயா தன் அரிசியில் பாதிக்கும் மேல் பர்மா, சயாமிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பானியப் படை ஈப்போவுக்குள் வந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் விழுந்தது. அரிசிக் கப்பல்கள் குறைந்தன. ரப்பரை வாங்க ஆளில்லை. பால்மரங்களுக்கு நடுவிலும் லயத்துக்குப் பின்னாலும் மரவள்ளியும் சக்கரவள்ளியும் நட்டார்கள். வாழைமர நோட்டுக்கு மதிப்பில்லாமல் போன 1945 வரைக்கும், பல குடும்பங்களுக்குச் சோறு என்பது கஞ்சியில் மிதந்த சில பருக்கைதான். மீதி கிழங்கு. ஆண்களில் எத்தனையோ பேரை சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் இருந்தவர்களைக் காப்பாற்றியதில் கிழங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் கிழங்கு வயிற்றை நிரப்பியதே தவிர, உடம்பைக் கட்டவில்லை. அவித்த சக்கரவள்ளி 100 கிராமில் புரதம் ஒன்றரை கிராம் கூட இல்லை. மரவள்ளியில் அதுவும் குறைவு. பருப்பு, மீன், முட்டை எதுவும் கிடைக்காமல் கிழங்கையே மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை கால் வீங்கும், புண் ஆறாது. இந்த விஷயம் இன்றைய ஸ்மூத்திக்கும் பொருந்தும். வெறும் கிழங்கும் பழமும் அரைத்த பானம் ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது. அதில் புரதம் வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்று கீழே பார்ப்போம்.

ஏன் அவிக்க வேண்டும்? பச்சையாக அரைத்தால் என்ன?

கேரட்டைப் பச்சையாக அடிக்கிறோமே, இதையும் அடித்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. ரெண்டு காரணம். பச்சைக் கிழங்கின் மாவு இறுகிய மணிகளாக இருக்கும், நம் குடலால் அதைச் சரியாக உடைக்க முடியாது. இன்னொன்று, புரதத்தைச் செரிக்க உதவும் டிரிப்சின் என்ற நொதியைத் தடுக்கும் பொருள்கள் பச்சைக் கிழங்கில் உண்டு. ரெண்டும் சேர்ந்தால் வயிற்று உப்புசம், வாயு. வேகவைத்தால் மாவு மணிகள் நீரை உறிஞ்சி நெகிழ்கின்றன, அந்தத் தடைப் பொருளும் பெரும்பாலும் அழிகிறது.

வேகும்போது இன்னொரு வேலையும் நடக்கிறது. கிழங்குக்குள் இருக்கும் ஒரு நொதி, ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுறுசுறுப்பாகி, மாவை மால்டோஸ் என்ற சர்க்கரையாக வெட்டுகிறது. அந்தச் சூட்டில் கிழங்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அவ்வளவு இனிப்பு. அடுப்பில் மெதுவாகச் சுட்ட கிழங்கில் தேன் மாதிரி பாகு கசிவது இதனால்தான். கொதிக்கிற தண்ணீரில் துண்டுகளாகப் போட்டால் அந்தச் சூட்டை வேகமாகக் கடந்துவிடும், இனிப்பு குறையும்.

இதை ரத்தச் சர்க்கரையிலும் பார்க்கலாம். ஜமைக்காவில் 10 ரகக் கிழங்குகளை வைத்து 2011இல் வெளிவந்த ஆய்வில், அவித்த கிழங்கின் கிளைசெமிக் குறியீடு 41 முதல் 50 வரை இருந்தது. அதே கிழங்குகளை நெருப்பில் சுட்டாலும் ஓவனில் வாட்டினாலும் 79 முதல் 94 வரை ஏறியது. தூய குளுக்கோஸ் 100 என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஆய்வுகளில் அவித்த கிழங்குக்கே 60க்கு மேல் வந்ததும் உண்டு. ரகத்தைப் பொறுத்து, மண்ணைப் பொறுத்து மாறும். ஆனால் அவித்தது கீழே, சுட்டது மேலே என்பது பொதுவாக நிற்கிறது. ஆகவே ஸ்மூத்திக்கு அவித்த கிழங்குதான். சுட்ட கிழங்கு ருசியில் ஜெயிக்கும், மறுக்கவில்லை. அதை எப்போதாவது ஒரு துண்டு அப்படியே கடித்துச் சாப்பிடுங்கள்.

அவித்ததை ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் அரைப்பது இன்னும் நல்லது. ஆறும்போது மாவில் கொஞ்சம் திரும்ப இறுகி, குடலில் எளிதில் கரையாத மாவாகிறது. அளவு பெரிது இல்லை. ஆனால் ஸ்மூத்திக்கு ஐஸ் போட வேண்டிய அவசியம் போய்விடும், காலையில் நேரமும் மிச்சம்.

"இனிப்பு நீரைக் குணப்படுத்தும்" என்கிறார்களே?

ஆதாரம் போதாது. சக்கரவள்ளியும் இரண்டாம் வகை நீரிழிவும் குறித்து காக்ரேன் அமைப்பு 2013இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. உலகம் முழுக்கத் தேடியும் அதில் சேர்க்கத் தகுந்ததாகக் கிடைத்தவை 3 ஆய்வுகள், மொத்தம் 140 பேர். அவர்களும் கிழங்கை அவித்துச் சாப்பிடவில்லை. வெள்ளைத் தோல் ரகம் ஒன்றிலிருந்து செய்த மாத்திரையை எடுத்துக்கொண்டவர்கள். நீரிழிவுக்கு இதைப் பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்பதே முடிவு. மருந்தை நிறுத்திவிட்டுக் கிழங்கு ஜூஸ் குடிக்கச் சொல்லும் எந்தச் செய்தியையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

ஒக்கினாவாவையும் இழுப்பார்கள். ஜப்பானின் அந்தத் தீவில் நீண்ட ஆயுளோடு வாழ்ந்தவர்கள் 1949 வாக்கில் தங்கள் உணவுச் சக்தியில் மூன்றில் ரெண்டு பங்கைச் சக்கரவள்ளியிலிருந்தே பெற்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் மொத்தமாகச் சாப்பிட்டதே குறைவு, வயலில் உழைத்ததோ அதிகம். கிழங்கோடு சேர்த்தது காய்கறியும் சோயாவும். கெட்டிப் பால் இல்லை.

எந்த நிறக் கிழங்கு?

தாப்பா, பீடோர் பக்கம் சாலையோரக் கடைகளில் 'கெலெடெக்' என்று எழுதிக் குவித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈயம் தோண்டிய பழைய லோம்போங் நிலங்களில், நெல் வராத மணலில் கூட இந்தக் கொடி ஓடும். உருளைக் கிழங்குக்கு இது நெருங்கிய உறவு இல்லை. நாம் பிரட்டிச் சாப்பிடும் கங்கோங் கீரைதான் இதற்கு நெருங்கிய சொந்தம்.

வெட்டினால் உள்ளே வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, ஊதா என்று பல நிறம். ஆரஞ்சு நிறத்தில் பீட்டா கரோட்டின் நிறைய. உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கண் பார்வைக்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் இது அவசியம். ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டைக் குறைக்க ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பிய மரியா ஆந்திராதே, ராபர்ட் முவாங்கா, ஜேன் லோ ஆகியோருக்கு, ஹோவர்த் பௌயிசுடன் சேர்த்து, 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் மார்டி ஆய்வு நிலையம் அறிமுகப்படுத்திய 'விட்டாத்தோ' ரகமும் ஆரஞ்சு நிறமே. ஊதா நிறத்தில் இருப்பது ஆந்தோசயனின், நாவல் பழத்துக்கு நிறம் தருகிற அதே வகை. வெள்ளைக் கிழங்கில் ரெண்டும் குறைவு, மாவுதான் அதிகம்.

பீட்டா கரோட்டின் கொழுப்பு இருந்தால்தான் உடம்பில் சேரும். கொழுப்பு நீக்கிய பாலில் வெறும் கிழங்கை அடித்துக் குடித்தால் அதில் பெரும்பகுதி வீண். இதற்கு ஆலிவ் எண்ணெய், அவகாடோ என்று செலவழிக்கத் தேவையில்லை. மெங்லெம்புக் கச்சான் ஒரு சின்னக் கைப்பிடி போதும். ஊர்ப் பொருள், கொழுப்பும் இருக்கிறது, கிழங்கில் இல்லாத புரதமும் இருக்கிறது. சுவைக்கும் பொருந்தும்.

அப்படியானால் எப்படிச் செய்யலாம்?

ஒரு ஆளுக்கு, அவித்துத் தோல் உரித்த கிழங்கு 100 கிராம். உங்கள் கையை மூடினால் வருகிற அளவில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சீனி சேர்க்காத பால் அல்லது சோயாப் பால் 200 மில்லி லிட்டர். தோல் நீக்கிய வறுத்த கச்சான் 15 கிராம். ஒரு சிட்டிகை லவங்கப்பட்டைத் தூள், அல்லது ஒரு ஏலக்காய். இஞ்சித் துண்டும் நன்றாக இருக்கும். கிழங்கே இனிப்பு என்பதால் வேறு எதுவும் வேண்டாம். தேன், நாட்டுச் சர்க்கரை, குலா மலாக்கா மூன்றும் ரத்தத்துக்குள் போனால் சீனிதான். "இயற்கையானது" என்பதால் உங்கள் கணையம் சலுகை காட்டாது.

பசும்பாலில் செய்தால், இப்படிப்பட்ட ஒரு டம்ளரில் ஏறக்குறைய 280 கலோரி, 30 கிராம் மாவுச்சத்து, 12 கிராம் புரதம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு உணவியல் நிபுணர்கள் 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்கு என்று கணக்கு வைப்பார்கள். அந்தக் கணக்கில் இது ரெண்டு பங்கு. ஆகவே இதைப் பசியாறலுக்குப் பதிலாகக் குடியுங்கள். தோசையோடு சேர்த்துக் குடிக்க இது தண்ணீர் இல்லை.

வாழைப்பழம் போடாமல் இருக்க மனசு வராது என்றால் பாதிப் பழம் போட்டு, கிழங்கை 50 கிராமாகக் குறையுங்கள். தயிர் பிடித்தவர்கள் பாலுக்குப் பதில் மோர் சேர்க்கலாம், அதில் இஞ்சியும் ஒரு கல் உப்பும் போட்டால் இனிப்புப் பானம் என்பதே மறந்துவிடும். வடிகட்டாதீர்கள். நாரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மாவுத் தண்ணீர்.

கடையில் வாங்குவதாக இருந்தால் கேட்டு வாங்குங்கள். "அண்ணே, சுசு போடாதீங்க, ஷிரப்பும் வேணாம்" என்று சொல்வதில் வெட்கமில்லை. ரெண்டு மேசைக்கரண்டிக் கெட்டிப் பாலில் மட்டும் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு எடுக்கும் கூடுதல் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாட்டில் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் சர்க்கரை வரி இருக்கிறது, பொட்டலத்தில் அளவும் அச்சாகியிருக்கும். கண்ணெதிரே கலக்கித் தரும் டம்ளரில் எதுவும் எழுதியிருக்காது.

மெல்லாமல் குடிப்பதில் ஒரு நஷ்டம் உண்டு. அதே 100 கிராம் கிழங்கை மென்று சாப்பிடக் கூடுதல் நேரம் ஆகும், வயிறு மூளைக்குத் தகவல் அனுப்ப அவகாசம் கிடைக்கும். திரவமாகப் போனால் அந்த நிறைவு குறைவு. பல் இல்லாத பாட்டிக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும், காலையில் எதையும் தொடாமல் பள்ளிக்கு ஓடும் பிள்ளைக்கும் ஸ்மூத்தி உண்மையில் உதவும். மற்றவர்களுக்கு அவித்த கிழங்கும் ஒரு அவித்த முட்டையும் தட்டில் இருந்தாலே போதும் என்பேன்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரகம் பலவீனமானவர்கள், முக்கியமாக டயாலிசிஸ் செய்பவர்கள். இந்தக் கிழங்கில் பொட்டாசியம் அதிகம். தோலோடு ஓவனில் வாட்டினால் 100 கிராமில் சுமார் 475 மில்லி கிராம். தோல் நீக்கித் தண்ணீரில் அவித்தால் 230 பக்கம். மீதி தண்ணீரில் கரைந்துவிடுகிறது, ஆகவே அவித்த தண்ணீரைப் பிளெண்டரில் ஊற்றாமல் கொட்டிவிட வேண்டும். வாழைப்பழம், பால், கச்சான் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு என்பதால், இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த ஸ்மூத்தியைத் தொடவே வேண்டாம்.

தினம் ஆரஞ்சுக் கிழங்கு சாப்பிட்டு உள்ளங்கை மஞ்சளானால் பயப்படாதீர்கள், அது கரோட்டின் நிறம், குறைத்தால் போய்விடும். கண்ணின் வெள்ளையும் மஞ்சளானால் அது மஞ்சள் காமாலையாக இருக்கலாம், உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

கிழங்கு வாங்கும்போது சின்னச் சின்ன ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வண்டு குடைந்த கிழங்கு கசக்கும், ஒரு மாதிரி வாடை வரும். "அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிட்டு அவிச்சா போச்சு" என்று விடக்கூடாது. வண்டோ பூஞ்சையோ தாக்கினால் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் கசப்புப் பொருள்களில் சில, ஈரலையும் நுரையீரலையும் பாதிக்கும் நச்சு. அவித்தாலும் போகாது. முழுக் கிழங்கையும் தூக்கிப் போடுங்கள். தோட்டத்துப் பாட்டிகள் கசந்த கிழங்கைத் துப்பச் சொன்னதில் விஷயம் இருந்தது.

பச்சைக் கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே அதன் நடுப்பகுதி இறுகி, எவ்வளவு அவித்தாலும் வேகாது. காற்றோட்டமான இடத்தில், வெயில் படாமல் வைத்தால் போதும். அவித்த பிறகு நிலைமை தலைகீழ். நம் ஊர் வெக்கையில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. குளிர்பெட்டியில் மூன்று நாள் இருக்கும். 100 கிராம் 100 கிராமாகப் பொட்டலம் கட்டி உறைபெட்டியில் போட்டால் வாரக்கணக்கில் வரும், அளவும் தானாகவே கட்டுக்குள் இருக்கும்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால், முதல் முறை குடிக்கும் முன் ஒரு தடவை, குடித்து ரெண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். உங்கள் உடம்புக்கு 100 கிராம் சரியா, 60 கிராம் சரியா என்று அதை வைத்துத்தான் டாக்டரோ உணவியல் நிபுணரோ சொல்ல முடியும்.